கொழுந்துத் தராசும் மழைப் போத்தலும்

(வலப்பனையில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டப் பாடசாலைகள் சில ஒன்றுசேர்ந்து பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றை நடத்த நினைக்கிறீர்கள். அதை எப்படிச் செய்யலாம் என்று பேசும்படி என்னை அழைத்தீர்கள். ஆய்வுகூடம் கிடையாது, விஞ்ஞான ஆசிரியர் போதாது, கையில் காசில்லை, மழை பெய்தால் பஸ் வராது என்று உங்கள் குறைகளையும் சொன்னீர்கள். எல்லாம் உண்மை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டும்தான். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஐந்தாம் தரத்தோடோ பதினோராம் தரத்தோடோ நின்றுவிடுகின்றன. விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ கண்டிக்கோ போய்த் தங்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறைகளைத் தீர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கண்காட்சி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கண்காட்சியில் போடப்படும் ஒவ்வொரு மேசையிலும், பிள்ளை இந்த மலையில் தன் கையால் அளந்த ஓர் எண்ணாவது இருக்க வேண்டும். அப்படி ஓர் எண் இல்லாவிட்டால் அந்த மேசையைப் போட வேண்டாம்.

நாம் வழக்கமாகப் பார்க்கிற கண்காட்சியை நினைத்துப் பாருங்கள். ரெஜிபோமில் ஓர் எரிமலை செய்திருப்பார்கள். அப்பச்சோடாவும் வினாகிரியும் விட்டால் நுரை பொங்கும். பக்கத்தில் சூரியக் குடும்பம், அதற்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் பூசிய இதயம். முதல் நாள் இரவு தகப்பன் நகரத்துக்குப் போய் பிரிஸ்டல் போட்டும் பெயின்டும் வாங்கி வந்திருப்பார். பிள்ளை மனப்பாடம் செய்த இரண்டு பக்கத்தை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். இடையில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதற்கு நாம் ஒப்புவிக்கத்தான் சொல்லிக்கொடுத்தோம். பெயின்ட் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையோ அன்றைக்கு வாசலில் பூங்கொத்துக் கொடுக்கிற வரிசையில் நிற்கிறது. என் மனதை அதிகம் வருத்துவது அந்தப் பிள்ளைதான்.

இலங்கையில் எரிமலை இல்லை. இங்கே இருப்பது மண்சரிவு.

2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் மலை சரிந்து உயிர்கள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை மலைநாட்டை என்ன செய்தது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களைச் சொல்கிறது. அந்த நிறங்களுக்குப் பின்னால் மழையின் அளவுகள் இருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கைபேசியில் வரும் அந்தச் செய்தியை லயத்தில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? வாசித்தாலும் 75 மில்லிமீற்றர் மழை எப்படியிருக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலைநாட்டு மழைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு மலை மடிப்பில் கொட்டித் தீர்க்கும், அடுத்த மடிப்பில் தூறலோடு நின்றுவிடும். அரசாங்கத்தின் மழைமானி பல கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். உங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் பெய்ததை அது அளக்காது.

அதை ஏழாம் தரப் பிள்ளை அளக்கலாம். பக்கங்கள் நேராக இருக்கிற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். மேற்பகுதியைத் தோளுக்குக் கீழே வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே புனல் போல வையுங்கள். காற்றில் விழாமலிருக்க அடியில் கூழாங்கல் போடுங்கள். அடிப்பாகம் வளைந்திருக்குமல்லவா, அந்த வளைவும் கல்லும் மறையும்வரை தண்ணீர் விட்டு அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். கோட்டுக்கு மேலே அடிமட்டத்தின் மில்லிமீற்றரை ஒட்டிவிடுங்கள். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணிக்குக் கணக்கு முடிக்கிறது. நாமும் அதே நேரத்தில் பார்த்து எழுதினால் நம் எண்ணையும் அவர்களுடைய எண்ணையும் ஒப்பிடலாம். பிள்ளை காலையில் பாடசாலைக்குப் போய்விட்டால் வீட்டிலிருக்கும் பாட்டி பார்த்துச் சொல்லட்டும். எழுதத் தெரியாத பாட்டிக்கும் கோடு தெரியும்.

இதில் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். பெரிய போத்தல் வைத்தால் மழை கூடுதலாகக் காட்டாதா? விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒல்லியான போத்தலையும் அகலமான போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பக்கங்கள் நேராக இருந்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். வாய் அகலமானால் பிடிக்கும் மழையும் கூடும், அந்த மழை பரவும் இடமும் அதே அளவு கூடும். ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர் விழுந்தால் அது ஒரு மில்லிமீற்றர் மழை என்பதையும் பிள்ளை இப்படியே வந்தடையும். பிறகு லயக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, 75 மில்லிமீற்றர் மழையில் அந்தக் கூரையிலிருந்து எத்தனை லீற்றர் இறங்கும் என்று கணக்குப் பார்க்கட்டும். அந்தத் தண்ணீர் முழுவதும் லயத்துக்குப் பின்னாலுள்ள கானில்தான் போக வேண்டும். கான் அடைத்துக் கிடந்தால் எங்கே போகும்? அந்தப் பிள்ளை கண்காட்சியன்று தோட்ட நிர்வாகத்தினரின் முன்னால் நின்று, எங்கள் கானில் இவ்வளவு லீற்றர் போக வேண்டும், அதற்கு இடமில்லை என்று எண்ணோடு சொல்லட்டும். கான் துப்புரவாக்கித் தாருங்கள் என்று பெரியவர்கள் பல தடவை கேட்டிருப்பீர்கள். எண்ணோடு கேட்கிற கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இப்படிப் போத்தல்களை வைத்தால் ஒரே பருவத்தில் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். நாம் மத்திய மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஹட்டனிலும் நல்லதண்ணியிலும் தென்மேற்குப் பருவமழை ஆடி மாதத்தில் விடாமல் கொட்டும்போது உடபுஸ்ஸல்லாவையில் வறண்ட காற்று வீசுகிறது. அந்தக் காற்றில்தான் உடபுஸ்ஸல்லாவைத் தேயிலைக்கு அதன் பெயர் பெற்ற மணம் ஏறுகிறது. நமக்குப் பெருமழை கொண்டுவருவது வடகீழ்ப் பருவம்தான். பாடப்புத்தகத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று படிக்கிறார்களே, ஹட்டனிலுள்ள ஒரு பாடசாலையோடு மழைக் கணக்கை மாற்றிக்கொண்டால் பிள்ளைகள் அதைத் தங்கள் கொப்பியிலேயே பார்ப்பார்கள்.

அடுத்ததாகக் கொழுந்து. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் தினமும் காதில் விழுகிற எண் கிலோதான். இன்றைக்கு எத்தனை கிலோ, அன்றைய சம்பளம் முழுப் பேரா அரைப் பேரா, மேலதிகக் கிலோ எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதுதான் பேச்சு. மழை நாளில் கொழுந்தோடு எவ்வளவு தண்ணீர் சேர்ந்து வருகிறது? ஒன்பதாம் தரப் பிள்ளைகள் ஒரு கிலோ ஈரக் கொழுந்தை நிறுத்து, துணியில் உதறி, நிழலில் பரப்பி, மேலே ஒட்டிய நீர் போனவுடன் மறுபடி நிறுக்கட்டும். தூறல் நாளில் ஒன்று, அடைமழை நாளில் ஒன்று, வெயில் நாளில் ஒன்று என்று செய்யட்டும். தராசையும் பரிசோதிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லீற்றர்க் கேனை வெறுமையாக நிறுத்து, பிறகு ஐந்து லீற்றர் தண்ணீர் அளந்து ஊற்றி நிறுத்தால், வித்தியாசம் ஐந்து கிலோ வர வேண்டும். யாரையும் பிழை பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாற்பது வருடம் தராசுக்கு முன்னால் நின்ற ஒரு தாய், அந்தத் தராசு சரியா என்று பார்க்கும் வழியைத் தன் மகளிடமிருந்து தெரிந்துகொள்வது பெரிய விடயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொழுந்தை வைத்து இன்னும் செய்யலாம். நமக்கு அயலிலுள்ள ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தபோது அவரிடம் தொழிற்சாலை இல்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கையாலேயே இலையை உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பில் காய வைத்தார்கள். விறாந்தை எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்து, இரவு முழுவதும் வாட விட்டு, உள்ளங்கையால் நன்றாகக் கசக்கி உருட்டி, ஈரத்துணியால் மூடி வையுங்கள். எத்தனை நிமிடத்தில் பச்சை மாறிச் செம்பு நிறம் வருகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். அதே கொழுந்தில் ஒரு பிடியை, உருட்டுவதற்கு முன் ஆவியில் சில நிமிடம் அவித்துவிடுங்கள். அது கறுக்காது. இலைக்குள் இருக்கும் நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் நிறத்தை மாற்றுகிறது, சூட்டில் நொதியம் அழிந்துவிடுகிறது. பச்சைத் தேயிலைக்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். உயர்தரப் புத்தகத்திலுள்ள நொதியப் பாடத்தை இப்படி ஆறாம் தரப் பிள்ளை மூக்கால் அறியலாம். பச்சைக் கொழுந்து 100 கிலோவுக்குத் தேயிலை 21, 22 கிலோ அளவில்தான் கிடைக்கும் என்பதையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு கவனம்: மருந்து அடித்த மலையில் பறிக்காதீர்கள். எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கொழுந்து தோட்டத்துச் சொத்து என்பதால் துரையிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளின் பரிசோதனைக்கு இரண்டு கிலோ கொழுந்து கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இந்த மலைகளில் விஞ்ஞானம் நடந்திருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இங்கே முதலில் இருந்தது கோப்பி. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாக ஒரு நோய் தென்பட்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தொழிலே விழுந்துவிட்டது. அது என்ன நோய், எப்படிப் பரவுகிறது என்று பார்க்க 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்தார். இரண்டு வருடம் இருந்தார். அவர் செய்தவற்றில் ஒன்று மிக எளிமையானது. கிளிசரின் பூசிய சிறு கண்ணாடித் துண்டுகளைக் கோப்பித் தோட்டத்தில் தொங்கவிட்டு, அவற்றில் வந்து ஒட்டியதை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பூஞ்சையின் வித்திகள் ஒட்டியிருந்தன. நோய் காற்றில் போகிறது என்று தெரிந்தது. மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதுதான் அந்தக் காற்றுக்கு வழி திறந்துவிட்டது என்றும் அவர் கண்டார். அந்த அறிவு கோப்பியைக் காப்பாற்றவில்லை. ஆனால் தாவர நோயியல் என்ற துறை வளர்ந்ததில் இலங்கை மலையில் தொங்கிய அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்குப் பங்கு உண்டு.

1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. பனியும் ஈரமுமான மாதங்களில் இளங்கொழுந்தில் கொப்புளம் போட வைக்கும் பூஞ்சை அது. நம் பிள்ளைகள் வார்ட் செய்ததையே தேயிலை மலையில் செய்யலாம். கண்ணாடித் துண்டில் மெல்லியதாக வஸ்லீன் பூசி, கொப்புளம் கண்ட செடிகளுக்கு நடுவில் சிலவற்றையும், வெயிலில் காய்கிற மேட்டில் சிலவற்றையும் கட்டித் தொங்கவிடுங்கள். பார்ப்பதற்கு நுணுக்குக்காட்டி வேண்டும். பல பாடசாலைகளில் ஒன்று இருக்கிறது. அது அலுமாரிக்குள் பூட்டுக்குள் இருக்கிறது. உடைந்துவிடும், பிறகு விசாரணை வரும் என்ற பயத்தில் வருடக்கணக்கில் திறக்காமலே இருக்கிறது. அதிபர்களே, தயவுசெய்து அலுமாரியைத் திறவுங்கள். பிள்ளையின் கண் படாத கருவி உடைந்த கருவிக்குச் சமம். எங்குமே இல்லாவிட்டால், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் அவருடைய மாணவர்களும் 2014இல் வெளியிட்ட மடிப்புக் காகித நுணுக்குக்காட்டி இருக்கிறது. ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர். ஒரு பொருளை 140 மடங்கு பெருக்கிக் காட்டும், சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

கொதிநிலை இன்னொரு நல்ல மேசை. தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ராகலையிலிருந்து வலப்பனைக்கும், அங்கிருந்து ரந்தெனிகலைப் பக்கம் மகாவலிக்கும் இறங்கினால், ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். மேட்டிலுள்ள பாடசாலையும் பள்ளத்திலுள்ள பாடசாலையும் ஒரே மாதிரி வெப்பமானியால், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, அளந்து அனுப்பட்டும். ராகலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்பதற்கு அம்மாவிடம் காட்ட ஒரு வரைபு கிடைக்கும். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு இந்த எண் உடனே புரியும்.

காசில்லை என்ற குறைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் பாடசாலைகள் தரைமட்டமான நாடுகளுக்காக, கண்ணாடிக் குவளையும் தராசும் இல்லாமல் விஞ்ஞானம் கற்பிப்பது எப்படி என்று 1948இல் யுனெஸ்கோ ஒரு சிறு நூலை வெளியிட்டது. அது வளர்ந்து 1956இல் விஞ்ஞான ஆசிரியருக்கான பெரிய கைநூலாக வந்தது. தகர டப்பாவும் மெழுகுதிரியும் கம்பியும் வைத்து ஆய்வுகூடம் அமைக்க அது சொல்லிக்கொடுத்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பாடசாலைகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகளே செய்து பார்த்து, தாங்களே முடிவு எழுதினார்கள். 2002 வரை அது நடந்தது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் பொருத்தி வடிவங்கள் செய்கிற வழியை அரவிந்த் குப்தா என்ற பொறியியலாளர் அங்கேதான் கண்டார். காயலாங்கடைச் சாமானில் விஞ்ஞானம் செய்வது ஏழைக்கென்று ஒதுக்கிய குறைந்த விஞ்ஞானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தானே செய்த கருவியில் எங்கே பிழை வரும் என்பது பிள்ளைக்குத் தெரியும். கடையில் வாங்கிய கருவி சொல்வதை அது அப்படியே நம்பிவிடும்.

நாம் நெருக்கமாகப் பின்பற்றத் தக்கது, இந்தியாவில் 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊரூராகக் கொண்டுபோனது. பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, சொந்த ஊரின் பிரச்சினை ஒன்றை மாதக்கணக்கில் ஆராய்ந்து, தங்கள் மொழியிலேயே அறிக்கை வைப்பார்கள். நமக்கும் அதுதான் வேண்டும். ஒரு நாள் விழாவுக்குப் பின்னால் ஐந்து மாத வேலை இருக்க வேண்டும்.

ஆகவே ஒக்டோபர் 1இல் அளவெடுப்பைத் தொடங்குங்கள். பெப்ரவரி கடைசியில் வடகீழ்ப் பருவம் முடியும். கண்காட்சியை மார்ச்சில் வைக்கலாம். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும், மாசியில் தோட்டத்து இளைஞர்கள் காமன் கூத்தில் இருப்பார்கள், பங்குனியில் கோயில் திருவிழா. இவற்றோடு மோதாத ஞாயிற்றுக்கிழமையை இப்போதே குறித்துவிடுங்கள். வேலை நாளில் வைத்தால் தாய்மார் ஒரு நாள் பேரை இழக்க வேண்டும். அதை நாம் கேட்கக் கூடாது. முந்திய நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பிள்ளைகளே வந்து அழைப்புச் சொல்லட்டும். காமன் கூத்தை மூங்கிலும் துணியும் வைத்து இத்தனை நாள் நடத்துகிற தோட்டத்துக்கு இருபது மேசைக் கண்காட்சியை ஒழுங்கு செய்வது பாரமாக இராது.

முதலாம், இரண்டாம், மூன்றாம் பரிசு வேண்டாம் என்பது என் கட்சி. சிலர் இதை ஏற்கமாட்டீர்கள், போட்டி இருந்தால்தான் பிள்ளைகள் உழைப்பார்கள் என்பீர்கள். ஆனால் பரிசு என்று வந்தவுடன் பெயின்டும் பிரிஸ்டல் போட்டும் திரும்பி வந்துவிடும், நகரத்துக்குப் போகக் காசுள்ள தகப்பனின் மேசை மினுங்கும். பரிசுக்குப் பதிலாக ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெரியவரை அனுப்புங்கள். பக்கத்துப் பாடசாலை ஆசிரியரோ, தொழிற்சாலை உத்தியோகத்தரோ, தோட்டத்து வைத்திய உதவியாளரோ, கங்காணியோ யாராவது வரட்டும். அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். எப்படி அளந்தாய்? எத்தனை தடவை அளந்தாய்? வேறு விதமாக வந்த நாள் உண்டா? பிள்ளை லயத்தில் பேசுகிற தமிழிலேயே விடை சொல்லட்டும். பிரமுகர்களின் உரைகளைக் கண்காட்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வைத்தால் பிள்ளைகள் வெயிலில் நின்றே களைத்துப்போகும்.

ஆசிரியர்களுக்கு முக்கியமான ஒன்று. அளவுக் கொப்பியில் அழிறப்பர் கூடாது. பிழையை ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் திருத்தம் எழுத வேண்டும். அளக்கத் தவறிய நாளுக்கு வெற்றிடம் விட வேண்டும். காய்ச்சலில் கிடந்த மூன்று நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்து ஓர் எண்ணை எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது. அப்படி எழுதினால் அந்தக் கொப்பியின் மற்ற எண்களையும் நம்ப முடியாமல் போய்விடும். வெற்றிடம் உள்ள கொப்பியை நீங்கள் பாராட்ட வேண்டும், அதுவும் வகுப்பில் எல்லோர் முன்னாலும். பரீட்சைக்கு எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் பழகிய பிள்ளைகளுக்கு இது சுலபமாக வராது. நமக்கும் வராது. புள்ளிக்காக நிரப்பச் சொல்லி நாமே பழக்கியிருக்கிறோம்.

மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டும் நாள் ஒன்று இந்தப் பருவத்தில் வந்தால், எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்தால் போதாது. பிள்ளை முதலில் வீட்டாரிடமும் அயலாரிடமும் சொல்ல வேண்டும். பிறகு அதிபருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்ல வேண்டும். யார் யாரிடம் சொல்வது, எந்த நம்பருக்கு அழைப்பது, இரவானால் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போத்தலை வைக்க வேண்டும். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இவற்றைக் கண்டால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. போத்தலைப் பார்க்க மழை இரவில் பிள்ளையைச் சரிவுக்கு அனுப்பவும் கூடாது. முற்றத்தில் வைத்தால் போதும்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். பின்வரிசை மேசையில் வெற்றுப் போத்தல்களும் கத்தியும் மாக்கரும் அடிமட்டமும் இருக்கின்றன. ஒவ்வொரு பாடசாலையும் போவதற்கு முன் ஒரு மழைமானியைச் செய்து, பூச்சியக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டு எடுத்துப் போங்கள்.